அந்தப் பையன் எப்படிப்பட்டவன்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளுக்காகப் பதின்வயதினருக்கான நாவல் ஒன்றை வாங்கி, முதலில் நானே படித்தேன். 15 வயதுப் பெண்ணுக்கு வகுப்பில் உடன் படிக்கும் பையன்மேல் ஈர்ப்பு. 300 பக்கமும் அவன் நினைப்புதான். அவன் எப்படிப்பட்டவன் என்பது கடைசிவரை தெரியவில்லை. முடிவில் அவனும் காதலைச் சொல்லிவிடுகிறான். இப்படி ஒரு வெற்றுப் பாத்திரத்துக்காகவா இத்தனை உருக்கம்? எனக்குத்தான் வயதாகிவிட்டதா? மகளுக்குக் கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வயதின்மேல் பழி போடாதீர்கள். நானும் அதைப் படித்து ஏமாந்தவன்தான். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

பையன் வெறுமையாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டால் கற்பனைக்கு இடம் ஏது? ஒருதலைக் காமமான கைக்கிளையைச் சொல்லும்போது தொல்காப்பியம் 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்கிறது. மறுமொழி வராது, ஆனாலும் பேசிக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம். அங்கே பேசுபவன் ஆண், இங்கே பெண். முதல் 100 பக்கங்கள் அதுவேதான். இரவல் வாங்கிய பேனாவை, மூடியைப் பின்பக்கம் செருகியபடியே அவன் திருப்பித் தருகிறான். அதற்கு ஏதோ அர்த்தம் இருப்பதாக நம்பி, மை காய்ந்துபோகும்வரை அவள் மூடியை மாற்றிப் போடுவதில்லை. அந்த ஒரு பக்கத்துக்காக ஆசிரியரை எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

அதற்குப் பிறகுதான் சறுக்கல். அவள் நம்புவதையெல்லாம் ஆசிரியரும் நம்ப ஆரம்பித்துவிடுகிறார். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் 1860இல் வெளியிட்ட 'முதல் காதல்' குறுநாவலில், 16 வயது விளாதிமீர் 21 வயது ஸினாயிதாவை நினைத்து உருகுகிறான். அவள் மனமோ அவனுடைய தந்தையிடம். அவன் கண்வழியாகவே நாம் பார்த்தாலும், அவன் அறிவதற்கு முன்பே நம்மால் ஊகித்துவிட முடிகிறது. நடுவயதில் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை என்பதால் அது எளிது என்பீர்கள். இருக்கலாம். பதின்வயதுக் குரலிலேயே கதை சொல்லும்போது அந்த வேலையை மற்ற பாத்திரங்கள் செய்ய வேண்டும். இதிலும் ஒரு தோழி வருகிறாள். "அவன் உன் பெயரையே தப்பாகச் சொல்கிறானடி" என்கிறாள். அதோடு அவளை ஊருக்கு அனுப்பிவிடுகிறார் ஆசிரியர்!

முடிவில் அவர்கள் சேர்வதிலும் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தப் பையன், அவள் கற்பனையில் பேசிய அதே வசனங்களையே பேசுகிறானே! நிஜப் பையன் வாய் திறந்திருந்தால் ஒரு சொல்லாவது அவளைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் முன்பே படித்துவிட்டீர்கள் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.