கென்யாவில் யோகா முகாம், சஃபாரி, தன்னார்வப் பணி, மாசாய் பழங்குடியினரின் கிராமம் எல்லாம் ஒரே பயணத்தில் சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் ஒரு வாரத்தில் நான்கையும் திணித்தால் எதுவும் ஒட்டாது. முதல் சிக்கல் யோகாவுக்கும் சஃபாரிக்கும்தான்: இரண்டும் கேட்பது விடியற்காலையை. சிங்கம் உங்கள் சூரிய நமஸ்காரம் முடியும்வரை காத்திருக்காது, வெயில் ஏறினால் புதருக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால் காலையில் ஜீப், முற்பகலிலோ மாலையிலோ ஆசனம் என்று வைத்திருக்கும் முகாமாகப் பாருங்கள்.

மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குள் தங்குவதைவிட, அதை ஒட்டி மாசாய்களே தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நபோய்ஷோ போன்ற பகுதிகள் எனக்குப் பிடிக்கும். கூட்டம் குறைவு, வழிகாட்டியோடு காலாற நடக்கலாம், வாடகையும் நில உரிமையாளர்களுக்கே போகிறது.

கிராமத்துக்குப் போனால் குதித்து ஆடும் நடனத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குச்சியும் மண்ணும் சாணமும் சேர்த்து வீட்டைக் கட்டுவது பெண்கள்தான். குனிந்து உள்ளே போனால் அடுப்புப் புகையில் கண் எரியும், அந்த இருட்டில் உட்கார்ந்து பேசுவதுதான் விஷயம். குழந்தைகள் தலையைக் குனிந்து நீட்டினால் உச்சியைத் தொடுங்கள், அதுதான் அவர்கள் வணக்கம்.

தன்னார்வப் பணியில்தான் எனக்குத் தயக்கம். இரண்டு நாள் பாடம் நடத்துவதால் பிள்ளைகளுக்கு என்ன பயன்? அநாதை இல்ல 'சேவை' வேண்டவே வேண்டாம். சம்பளமில்லா வேலைக்கும் அங்கே அனுமதி தேவை, சுற்றுலா அனுமதி போதாது.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போடுங்கள், இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள்.