ரெண்டு ஊசி சேர்த்துப் போட்டால் மடிநோய் சீக்கிரம் கேட்குமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஜெர்சி கலப்பு மாடு, கன்று போட்டு 20 நாள் ஆகிறது. பின்பக்கம் ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. மூன்று நாள் பெனிசிலின் ஊசி போட்டும் பாதிதான் குறைந்திருக்கிறது. கூடவே ஆக்சிடெட்ராசைக்ளினும் போட்டால் இரட்டிப்பு வேகத்தில் கேட்கும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: அந்த ஜோடி வேண்டாம். ரெண்டு மாடு பூட்டினால் ஏர் நன்றாகப் போகும், சரி, ஆனால் ஒன்று படுத்துக்கொண்டால் மற்றதும் நிற்க வேண்டியதுதானே. பெனிசிலின், கிருமி பெருகும்போது அதைப் புதுச் சுவர் கட்டவிடாமல் செய்து கொல்லும். ஆக்சிடெட்ராசைக்ளின் கிருமியைப் பெரும்பாலும் கொல்வதில்லை, புரதம் செய்யவிடாமல் வளர்ச்சியை நிறுத்திவைக்கும். வளராத கிருமியிடம் பெனிசிலினுக்கு என்ன வேலை? 1951-லேயே மனிதர்களிடம் இதைப் பார்த்துவிட்டார்கள்: நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வருகிற மூளைக்காய்ச்சலுக்குப் பெனிசிலினோடு டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, பெனிசிலின் மட்டும் கொடுத்ததைவிட இறப்பு அதிகமாக இருந்தது.

சேர்ந்து உழைக்கிற ஜோடிகளும் இருக்கின்றன. பெனிசிலின் சுவரைக் கெடுத்தால் அந்த வழியாக ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளே போய்விடும். அமாக்சிசிலினோடு வருகிற கிளாவுலானிக் அமிலம் தானாகப் பெரிதாக எதையும் கொல்லாது, அமாக்சிசிலினை அறுக்கிற கிருமியின் நொதியைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. எந்த ஜோடியானாலும் கண்டபடி ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள். பெனிசிலினும் ஜென்டாமைசினும் கலந்தால் ஜென்டாமைசினின் வீரியம் குறைந்துவிடும்.

ஆனால் மடியில் இருப்பது எந்தக் கிருமி என்றே இன்னும் தெரியாதே. ஈ.கோலையாக இருந்தால் பெனிசிலின் கேட்காது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்றால் மடிச்சதைக்குள் பதுங்கிக்கொண்டு, விட்டுவிட்டு வரும். அதனால் அடுத்த ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் ரெண்டு மூன்று பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, கிருமிநீக்கிய பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து 10 மில்லி பிடியுங்கள், விரல் உள்ளே படக்கூடாது. ஐஸில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். மூன்று நாள் பெனிசிலின் போட்டதை மறக்காமல் சொல்லுங்கள், மருந்து இருந்தால் கிருமி வளராமல் பரிசோதனை ஏமாற்றிவிடும். மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலோடு படுத்துவிட்டால் மட்டும் முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடியுங்கள்.

அப்புறம், மருந்துப் பாட்டிலில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடிகிறவரை நல்ல காம்புகளின் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். மருந்து கலந்த அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிரே சரியாகத் தோயாது, வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.