பரலோகத்தில் என் கணவரை அடையாளம் தெரியுமா?

கேள்வி: கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் கணவரைப் பரலோகத்தில் அறிந்துகொள்வேனா? மத்தேயு 22:30-ஐக் காட்டி, 'அங்கே உறவே கிடையாது' என்கிறார்களே?

பதில்: அறிந்துகொள்வீர்கள், சகோதரி. அந்த வசனத்தை 23-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஏழு சகோதரரை அடுத்தடுத்து மணந்தவள் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி என்பதே, உயிர்த்தெழுதலே இல்லை என்று சொன்ன யூதப் பிரிவினரான சதுசேயரின் கேள்வி. அங்கே கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது பெண் கொள்வதும் கொடுப்பதுமான திருமணம், இல்லை என்கிறார் இயேசு. ஒருவரையொருவர் அறியமாட்டோம் என்று சொல்லவில்லை. தனி வசனத்தைப் பிய்த்தெடுப்பதால் வரும் குழப்பம் இது.

யோவான் 20-ஐப் பாருங்கள். கண்ணீரோடு நின்ற மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரன் என்று எண்ணினாள். 'மரியாளே' என்ற ஒரே அழைப்பில் திரும்பி, 'ரபூனி', அதாவது 'போதகரே' என்றாள். மகிமையின் சரீரத்திலும் அவர் அவரே; தோமாவுக்குக் காட்டிய காயங்கள்கூட அப்படியே இருந்தன.

இயேசுவின் தோற்றம் மகிமையாய் மாறிய மறுரூப மலையில் மோசேயும் எலியாவும் தங்கள் பெயரோடுதான் காணப்பட்டார்கள் (மத்தேயு 17:3). மரித்த ஐசுவரியவான் லாசருவை அறிந்துகொண்டதைச் சொல்லும் லூக்கா 16-ஐ உவமை என்போர் உண்டு; அதை மட்டுமே ஆதாரமாக வைக்கவேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 4:13–18 போதும். மரித்தவர்களுக்காகத் துக்கித்தவர்களுக்கே பவுல் அதை எழுதினார். உயிரோடிருப்பவர்கள் கர்த்தரைச் சந்திக்க எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்லும் 17-ஆம் வசனத்தில் 'அவர்களோடேகூட' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். அந்த 'அவர்கள்' கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள். உங்கள் கணவரும் அவர்களில் ஒருவர்.