செம்மண் சரளையில் எந்த டென்ட் நிற்கும்?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளோடு இரவு தங்க டென்ட் வாங்க வேண்டும். மொத்தம் நான்கு பேர். அரையாண்டு லீவில் கொடைக்கானலுக்கும் கொண்டுபோவோம். டோம், டனல், பாப்-அப் என்று பல வகை சொல்கிறார்கள். எங்கள் சரளைத் தரையில் முளை இறங்குமா என்பதுதான் பெரிய சந்தேகம். எதை வாங்கலாம்?

பதில்: முளையைப் பற்றி முதலில் யோசித்தது நல்லது. கூடாரத்தை நிமிர்த்தி வைப்பது முளையா, கம்பியா என்பதை வைத்துத்தான் வகைகளே பிரிகின்றன.

பழைய கூடாரங்கள் பெரும்பாலும் முளையை நம்பியவை. 1856-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி சிப்லி காப்புரிமை வாங்கிய கூம்புக் கூடாரத்துக்கு நடுவில் ஒற்றைக் கால், சுற்றிலும் முளை. சாரணர் முகாம்களில் பார்க்கும் இருபக்கச் சரிவுக் கூடாரமும் அப்படித்தான். முளை பிடுங்கிக்கொண்டால் துணி மேலே விழும். வளைந்து நிமிரும் கம்பிகள் வந்த பிறகே நிலைமை மாறியது. அமெரிக்க வடிவமைப்பாளர் பில் மாஸ் 1955-ல் கண்ணாடியிழை விலாக் கம்பிகளோடு பாப்-அப் கூடாரம் செய்தார். 1975-ல் நார்த் ஃபேஸ் நிறுவனம், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளக்கூரைத் தத்துவப்படி, கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிப்போகும் டோமைக் கொண்டுவந்தது. இழுவிசை கம்பிகளுக்குள்ளேயே சுற்றிவிடுவதால் டோம் முளை இல்லாமலும் நிற்கும்.

ஆகவே உங்களுக்கு டோம்தான். வளைவுக் கம்பிகளை வரிசையாக நிறுத்தும் டனல் வகையில் இடம் தாராளம், ஆனால் இரு முனையிலும் இழுத்து முளை அடித்தால்தான் எழும்பும். கோடையில் இறுகிப்போன சரளையில் அது பாடாய்ப் படுத்தும். ஒற்றைத் துணி பாப்-அப் வேண்டாம். மூச்சுக் காற்றின் ஈரம் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து, விடியற்காலையில் படுக்கையில் சொட்டும். கொடைக்கானல் குளிரில் இது இன்னும் அதிகம். உள்ளே வலைத்துணி, மேலே தரைவரை இறங்கும் தனி மழைத்துணி என இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். குளிர் முக்கியமாகத் தரையிலிருந்துதான் ஏறும்; கோரைப் பாய்க்கு அடியில் ஃபோம் மெத்தை விரித்தாலே பாதி சரியாகிவிடும்.

‘நாலு பேர்’ என்று அட்டையில் போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்க நாலு பேர் என்று அர்த்தம். பைகளும் உள்ளே வர வேண்டுமானால் ஆறு பேர் அளவு எடுங்கள். மழைத்துணியின் நீர்தாங்கு அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பது) 2000 மி.மீ.க்கும், தரைத்துணியுடையது 3000 மி.மீ.க்கும் குறையக் கூடாது. தையல்கள் உள்பக்கம் டேப் ஒட்டி வந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நைலானைவிட பாலியெஸ்டர் நல்லது: நனைந்தால் தொய்வது குறைவு, நம்மூர் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும்.

இனி முளை. டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் சரளையில் இரண்டாவது அடியிலேயே வளைந்துவிடும். 10 மி.மீ. முறுக்குக் கம்பியை ஓர் அடி நீளத்துக்குப் பன்னிரண்டு துண்டு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் கொக்கி வைத்துத் தரச் சொல்லி வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் அடிக்கப்போகும் இடங்களில் இடத்துக்கொரு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் சுலபமாக இறங்கும். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கடப்பாரையால் குழி போட்டு நடாதீர்கள், பிடிப்பே இருக்காது. பாறை தட்டினால் சிமென்ட் சாக்கில் முக்கால்வாசி மண் நிரப்பி மூலைக் கயிற்றை அதில் கட்டலாம். டோம் தானாக நிற்கிறதே என்று கட்டாமல் விட்டால் காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விடும்.

தரைத்துணியைக் கிழிக்கும் முதல் எதிரி சீமைக் கருவேல முள். காய்ந்த முள் செருப்பையே துளைக்கும். இடத்தை விளக்குமாற்றால் இரண்டு தரம் கூட்டிவிட்டுத் தார்பாய் விரியுங்கள். தார்பாய் டென்ட்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் சிறிதாக மடிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டினால் மழைநீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து தேக்கும். கண்மாய் உள்வாயிலும் கலிங்குக்குக் கீழேயும் போடவே போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரத்து இரவோடு இரவாக ஏறும். தென்னைக்கு அடியிலும் வேண்டாம். மட்டையும் காயும் விழும்.

டோமின் கம்பியைத் துணி உறைக்குள் தள்ளித்தான் நுழைக்க வேண்டும், இழுத்தால் மூட்டு கழன்று பாதியில் சிக்கும். அடுப்பு, கொசுவர்த்தி இரண்டும் டென்ட்டுக்குள் கூடாது: துணி எளிதில் பற்றும், அடுப்புப் புகை மூடிய இடத்தில் உயிரையே எடுக்கும். ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். தேளும் பாம்பும் நடமாடும் இடம், செருப்பும் உள்ளேயே இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் முற்றத்தில் நிழலில் விரித்து, தையல்வரை காய்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உள்பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும், அதற்குப் பிறகு அந்தத் துணியால் மழையை நிறுத்த முடியாது.