தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசகர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி கம்பெனியில், வாடிக்கையாளர்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இதையே தொண்டு நிறுவனங்களுக்குச் செய்ய ஆசை. அப்பாவோ "ஊருக்கு உபதேசம் பண்ண ஒரு சம்பளமா?" என்கிறார். இது ஒரு வேலைதானா? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., மேடவாக்கம்

அன்புள்ள ஆர்.,

வேலைதான். பதினைந்து வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான். ஆனால் அப்பா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள்.

கண்ணகி நகரில் ஒரு மாலைநேரப் பாட மையம். ஐந்தாண்டுத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி, அதை நடத்தும் அக்கா கூப்பிட்டார். நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் கண் வருகைப் பதிவேட்டில் விழுந்தது. ஜூலைக்குப் பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். கேட்டால், கணக்கு டீச்சர் நின்றுவிட்டாராம். மாதம் இரண்டாயிரம் கூடக் கேட்டிருக்கிறார், கொடுக்க வழியில்லை. பக்கத்து பீரோவில் ஒரு கம்பெனி மார்ச் மாதம் கொடுத்த நாற்பது டேப்லெட் கணினிகள், உறை பிரிக்காமல் இருந்தன.

ஏன் இப்படி? 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிதியாண்டு முடியப்போகும்போது அவசரம் வந்துவிடும். பொருளாக வாங்கிக் கொடுத்தால் பில் இருக்கும், போட்டோ இருக்கும். டீச்சர் சம்பளத்தை எப்படிப் போட்டோ எடுப்பது?

"வேண்டாம்னு சொன்னா அடுத்த வருஷம் வரமாட்டாங்களே சார்" என்றார் அக்கா. அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன். டீச்சர், வாடகை, கரண்ட் பில், சுண்டல் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு வருடம் எவ்வளவு ஆகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த ஒரே தாளை எடுத்துக்கொண்டு அக்கா அந்தக் கம்பெனிக்குப் போனார். பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாண்டுத் திட்டம் அப்புறம்தான்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1978இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியபோது அதன் மையத்தில் இருந்தவர்கள் காய்கறி, பூ, மீன் விற்ற பெண்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தண்டல்காரரிடம் போகாமல் கிடைக்கும் சின்னக் கடன். முதலில் வங்கிகள் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு 1981இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கமே வைத்தார்கள். கூடைக்காரப் பெண்ணிடம் கேட்டு எடுத்த முடிவு அது.

சரி, பணம். ஆரம்பத்தில் இப்போதைய சம்பளத்தில் பாதி வந்தாலே நல்லது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆலோசகர் கட்டணம் பெரும்பாலும் அந்த 20க்குள்தான் அடங்க வேண்டும். அதனால் பல சமயம் உங்களுக்குப் பணம் தருவது நன்கொடையாளராக இருக்கும். அப்போது நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பது குழம்பும். எனக்கும் குழம்பியிருக்கிறது. இரண்டு வேலைகளை அதற்காகவே விட்டேன், இன்றுவரை வருத்தமில்லை.

எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் சேரலாமா என்று யோசிப்பீர்கள். நல்ல இடம், 1952இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன அமைப்பின் ரசீதுப் புத்தகத்தையும் தணிக்கை அறிக்கையையும் உங்கள் கையால் புரட்டிப் பாருங்கள். வருமான வரிச் சலுகைக்கான பதிவுகளை (12ஏ, 80ஜி என்பார்கள்) புதுப்பிக்க அவர்கள் எத்தனை நாள் அலைகிறார்கள் என்று கூடவே போய்ப் பாருங்கள். வேலையை இப்போது விட வேண்டாம்.

அந்த மையத்தில் சனிக்கிழமைகளில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள். மேடவாக்கத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை. மூன்று மாதம் வர முடியுமா? அக்காவிடம் சொல்லி வைக்கிறேன்.