மடித்து வைத்த பக்கம்

வணக்கம் ஐயா,

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஓர் ஆங்கில உளவியல் மர்ம நாவலை எடுத்துக்கொண்டோம். ஒன்பது வயதில் தன் தங்கை இறந்த இரவை அடியோடு மறந்துவிட்ட ஒரு பெண், முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவர் ஒருவரின் மனோவசியத்தில் அதை முழுதாக நினைவுகூர்கிறாள். எட்டுப் பேருக்கும் எட்டு அபிப்பிராயம். பாதியிலேயே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது என்றார் ஒருவர். ஒரே இரவில் முடித்தேன் என்றார் இன்னொருவர். கதாநாயகிமேல் இரக்கமே வரவில்லை என்று இருவர் சொன்னார்கள். முடிவை ஊகிக்க முடிந்தால் மர்ம நாவல் தோற்றுவிட்டது என்று கொள்ளலாமா? அடுத்து எதை வாசிக்கலாம்?

பின்குறிப்பு: அம்மாவும் அதை எடுத்து வாசித்தார். 112ஆம் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, "இதெல்லாம் எதற்கு" என்று குசினிக்குள் போய்விட்டார். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அவருக்குள்ளும் ஏதோ புதைந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன். அதை எப்படி வெளியே கொண்டுவருவது?

வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள மகள்,

ஊகிக்க முடிந்ததா இல்லையா என்பது குறுக்கெழுத்துப் போட்டிக்கு உரிய கேள்வி. கதாநாயகிமேல் இரக்கம் வரவில்லை என்றவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாமல் செய்தது அந்தப் பின்குறிப்புத்தான். அதை ஏன் கடைசியில் ஒட்டினீர்கள்?

நீங்கள் சொல்லும் நாவலை நானும் வாசித்தேன். அந்த மருத்துவர் கேட்கும் கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். "கதவருகே நின்றவர் உயரமானவரா?" "அவர் கையில் என்ன இருந்தது?" கதவருகே யாரோ நின்றார் என்று அந்தப் பெண் அதுவரை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை! அடுத்த அத்தியாயத்தில் உயரமான மனிதன் கையில் விளக்கோடு வந்து நிற்கிறான். உங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்காவது இது உறுத்தவில்லையா? குற்றவாளி யார் என்று தேடிய கண்ணுக்கு, கேள்வி கேட்டவர் செய்த குற்றம் தெரியவில்லை.

1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம், கார்கள் "மோதியபோது" வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் அதே கேள்வியை "மோதி நொறுங்கியபோது" என்று மாற்றிக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். முதல் கூட்டத்தில் ஏழு பேர் பார்த்தோம் என்றார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்களில் பதினாறு பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. மனோவசியத்தின் கதையும் இதுதான். அது நினைவைச் சரியாக்குவதில்லை, நினைவின் மேலுள்ள உறுதியைத்தான் கூட்டிவிடுகிறது.

எனக்கும் ஓர் உடைந்த கண்ணாடி இருக்கிறது.

83 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்கு ஏழு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் வீட்டு அரிசி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தபடி, எங்கள் வீட்டு யன்னல்கள் உடைவதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சீனி தூவிய பாண் துண்டு ஒன்றை அந்த அம்மா என் கையில் வைத்தார். இதை இருபத்தைந்து ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

பிறகு ஒரு முறை ரொறன்ரோவிலிருந்து அக்கா வந்திருந்தார். நான் எழுதியதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "தம்பி, நீ ஒன்றும் கேட்கவில்லை. உனக்குக் காய்ச்சல். என் மடியில் நித்திரை. எங்களைப் பின்பக்கத்தால் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் வீட்டுக்கு வந்தார்கள். யன்னல் உடைந்ததை அப்பா மூன்றாம் நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பாண் கிடைத்தது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில்." அவ்வளவையும் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லை. வீடு எரிந்தது. யன்னல்கள் உடைந்தன. காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம். அந்தச் சத்தத்தைக் கேட்ட காது மட்டும் என்னுடையது அல்ல. அப்பா சொன்னதை வைத்து நான் அதைச் செய்துகொண்டேன். அன்றைக்கு ஒருவர் என்னிடம் "எத்தனை யன்னல்?" என்று கேட்டிருந்தால் எண்ணிக்கையும் சொல்லியிருப்பேன்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அவர் மறந்துவிட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது? பதினொரு வயதுப் பிள்ளை அப்படிப்பட்ட ஒரு வாரத்தை மறப்பது அபூர்வம். அத்தகைய கொடுமைக்குள்ளால் போனவர்களில் பெரும்பாலானோரின் துன்பமே மறக்க முடியாததுதான். கொழும்பில் நினைவுகள் மனத்துக்குள் புதைந்து கிடக்கவில்லை, பிள்ளை. வாய்க்குள் இருக்கின்றன. சொல்லாமல் இருப்பதை மறதி என்று எண்ணுவது அந்த நாவல் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பிழை. அதைத்தான் நான் அதன் தோல்வி என்பேன்.

என் அம்மா சாகும்வரை தலையணைக்குக் கீழே ஒரு ஷொப்பிங் பையை வைத்திருந்தார். உள்ளே எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, ஒரு சோடிக் காப்பு. ஒவ்வொரு ஜூலையிலும் பையின் வாயைப் புதிய நூலால் கட்டுவார். முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுப்பார். எழுபத்தெட்டு வயதிலும் அதைச் செய்தார். அந்த நாளைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் "அதை விடு" என்றார். கேட்காத ஒரு நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் திருவலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த அம்மாவின் அரிசியில் நீ சத்தி எடுத்துவிட்டாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை" என்றார். அவ்வளவுதான். அரிசி அறை உண்மை என்று அன்றுதான் எனக்கு உறுதியானது.

ஆகவே வெளியே கொண்டுவருவது என்ற பேச்சை விடுங்கள். அவர் என்ன கிணறா, நீங்கள் வாளி இறக்குவதற்கு? வாசிப்பு வட்டத்தில் கற்ற கேள்விகளோடு அவர் முன்னால் போய் உட்காராதீர்கள். குசினியில் அவர் பக்கத்தில் நின்று வெங்காயத்தை உரித்துக் கொடுங்கள். சொன்னால் கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் "பிறகு?" என்று கேட்காதீர்கள்.

அடுத்து எதை வாசிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த நாவலை யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள். அம்மா வைத்த இடத்திலேயே இருக்கட்டும். 112ஆம் பக்கத்தின் மடிப்பையும் நிமிர்த்த வேண்டாம்.