முழுமையாக எரிவதும் அரைகுறையாக எரிவதும் வேதியியலில் எப்படி வேறுபடுகின்றன? வேறு வகைகளும் உண்டா?

போன வருடம் எங்கள் வீட்டில் பாத்திரங்களின் அடியெல்லாம் கரி பிடிக்க ஆரம்பித்தது. கேஸில்தான் ஏதோ கோளாறு என்று அம்மா சொன்னார். பார்த்தால், நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக நீண்டு ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் கேள்விக்கு அந்த அடுப்பிலிருந்தே பதில் சொல்லலாம்.

எரிபொருள் ஆக்சிஜனோடு வேகமாக வினைபுரிந்து வெப்பமும் ஒளியும் தருவதுதான் எரிதல். சமையல் கேஸில் இருப்பவை பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு புரொப்பேன் மூலக்கூறு முழுமையாக எரிய 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். 3 கார்பன் டை ஆக்சைடும் 4 நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால் ஒரு லிட்டர் புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 லிட்டர் காற்று தேவைப்படுகிறது, அதில் ஒரு பகுதியை பர்னருக்குப் போகும் குழாயில் உள்ள துளை வழியாக கேஸே இழுத்துக்கொள்ளும். எங்கள் அடுப்பில் அந்தத் துளையைத் தூசியும் சிலந்தி வலையும் அடைத்திருந்தன. காற்று போதாவிட்டால் கார்பன் முழுவதும் எரியாமல் நுண்ணிய துகள்களாகச் சூடேறி ஒளிரும். மஞ்சள் நிறம் அதனால்தான், பாத்திரத்தில் படிவதும் அதே துகள்தான். சுத்தம் செய்ததும் சுடர் நீலத்துக்குத் திரும்பிவிட்டது.

சரி, மற்ற வகைகள். வெள்ளை பாஸ்பரஸ் சுமார் 30 டிகிரியிலேயே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும், அதனால் தண்ணீருக்குள் வைப்பார்கள். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதும் இந்த வகைதான். கசிந்த கேஸ் காற்றோடு முன்பே கலந்து நின்றால், ஒரு பொறி பட்டதும் மொத்தமும் நொடியில் எரிந்து வெடிக்கிறது. வினை அடுப்பில் நடக்கும் அதேதான், வேகம்தான் வேறு.

எனக்கு அதிகம் பயம் தருவது சுடரே இல்லாமல் கனலும் வகை. கொசுவத்தி, கரி அடுப்பு எல்லாம் இப்படித்தான். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு நிறைய வரும், அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் குளிருக்காக கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே தூங்காதீர்கள். தலைவலியும் மயக்கமும்தான் முதல் அறிகுறி, தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.